ஈட்டி மரத்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மன்னன் அமர்ந்த இருக்கைக்கும் வரலாறு உண்டு; அவ்விருக்கையைச் செய்த தச்சனுக்கும் உண்டு; தச்சன் கைக்கு வந்த மரத்துக்கும் உண்டு. இம்மூன்றனுள் மரத்தின் வரலாறே நீளமானது. ஏனெனில் மன்னன் ஒரு தலைமுறை ஆண்டு மறைகிறான். காட்டு மரமோ பல தலைமுறைகள் நின்று அவற்றைப் பார்த்திருக்கிறது. அத்தகைய மரங்களுள் ஒன்றாகிய ஈட்டியைப் பற்றி இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் திருப்பூர் மாவட்டம் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. ஆயினும் இம்மாவட்டத்தின் தென் எல்லையில் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. உடுமலை, அமராவதி வனப்பகுதிகள் அத்தொடரைச் சேர்ந்தவையே. ஆனைமலையிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் இயற்கையாக வளர்வது ஈட்டி. தமிழில் இதனைத் தோதகத்தி என்றும் நூக்கு என்றும் வழங்குவர். மலையாளத்திலும் இது ஈட்டியே, கன்னடத்தில் பீட்டே. ஆங்கிலேயர் முதலில் ‘கருமரம்’ என்னும் பொருள்பட அழைத்தனர். புதிதாக அறுத்த கட்டையில் ரோஜாவின் மணம் போன்றதொரு மணம் எழுவதால் ‘ரோஸ்வுட்’ என்னும் பெயரும் நிலைத்தது. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் டால்பெர்ஜியா லாட்டிபோலியா என்பது. டால்பெர்ஜியா என்பது சுவீடன் நாட்டு மருத்துவர் டால்பெர்க்கின் நினைவாக அமைந்தது; லாட்டிபோலியா என்றால் அகன்ற இலையுடையது என்று பொருள். கோரமண்டலக் கரையின் செடிகொடிகளை ஓவியங்களுடன் வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க் என்பார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பெயரைச் சூட்டினார். இது அவரை, புளி முதலியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டையான சிறு காய்களைக் காய்ப்பது.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்துதல் நலம். இக்காலத்தில் மாலையாகவும் காப்பாகவும் விற்கப்படும் கருங்காலி வேறு, ஈட்டி வேறு. செஞ்சந்தனம் என்னும் செம்மரமும் வேறு. மூன்றும் விலை மிக்கவை. மூன்றுக்கும் கள்ளர் உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

மரம் எது, புல் எது என்று நம் முன்னோர் பகுத்த முறை எண்ணி மகிழத்தக்கது. உள்ளே வலிமை உடையதை மரம் என்றும், புறத்தே வலிமை உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துக் காட்டுகிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் இம்முறைப்படி புல்லினத்தவை. உள்ளே உள்ள அவ்வலிமையைத்தான் நம் தச்சர்கள் ‘வைரம்’ என்கிறார்கள். அடிமரத்தின் வெளி வட்டம் வெளிறியது. நீரை மேலே கொண்டுசெல்லும் பகுதி அது. ஆண்டுகள் செல்லச் செல்ல உட்பகுதியின் குழாய்கள் அடைபட்டு, பிசின் முதலிய பொருள்கள் அங்கே தங்கி, நிறமும் உறுதியும் ஏறுகின்றன. இதுவே வைரம் பாய்தல். ஈட்டியின் வைரம் பொன்பழுப்பு முதல் ஊதா கலந்த கருமை வரை பல சாயல்களைக் கொண்டது. இடையே கரிய வரிகள் ஓடும். நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ எடை இருக்குமாயின், ஈட்டி 830 கிலோ அளவுக்கு இருக்கும். கறையான் இதனை எளிதில் அணுகாது. ஆனால் இந்த வைரம் விரைவில் கிட்டுவதன்று. வேலைக்குரிய பருமனை மரம் எட்ட நூறாண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இத்துணைச் சிறப்புடைய மரத்தைக் கையாளுதல் எளிதன்று. இழையோட்டம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இழைப்புளியை ஒரே திசையில் தள்ளினால் சில இடங்களில் வழுவழுப்பாகவும் சில இடங்களில் பிய்ந்தும் வரும். கட்டையின் நுண்துளைகளில் சுண்ணம் போன்ற படிவு இருப்பதால் உளியின் கூர் விரைவில் மழுங்கும். அறுக்கும்பொழுது பறக்கும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். இவற்றையெல்லாம் பொறுத்து, கட்டையை நன்கு உலர்த்தி, இழைத்து, அரக்கை எரிசாராயத்தில் கரைத்துப் பல முறை மெல்லத் தேய்த்தால், அதன் உள்ளிருந்து ஓர் ஒளி எழும். அவ்வொளி மேலே பூசப்பட்ட வண்ணத்தால் வருவதன்று. மரத்தின் இயல்பே அது.

சில ஆண்டுகளுக்கு முன் வீரபாண்டியில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அங்கிருந்த கட்டில் ஒன்று, பழுப்பு வண்ணம் தடித்துப் பூசப்பட்டு, மழையில் கிடந்தது. விறகுக்குப் போகும் நிலை. அவ்வழியே வந்த முதிய தச்சர் ஒருவர் அதன் காலை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். எடை அவரை நிற்க வைத்தது. இழைப்புளியை எடுத்து ஒரே ஒரு சீவல் சீவினார். உள்ளே கருஞ்சிவப்பு மின்னிற்று. “ஐயா, இது ஈட்டிங்க. இந்தக் கட்டைக்கு வண்ணம் பூசினவங்களை என்ன சொல்றதுங்க?” என்றார். வீட்டுக்குடையவரும் அங்கேதான் நின்றார். அவருக்கு அதுவரை தெரியாது. அறியாமையால் அழியும் பொருள்கள் நம் வீடுகளில் எத்தனையோ என்று அன்று எண்ணினேன்.

இனி இம்மரத்தின் பழமையைக் காண்போம். ஈட்டிக்கு உடன்பிறப்பு போன்றது வடநாட்டில் வளரும் சிசு அல்லது ஷீஷம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகப் பேரரசன் தாரயவேஷ், சூசா நகரில் அரண்மனை எழுப்பினான். எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அவன் கல்வெட்டிலே பொறித்து வைத்தான். அதில் ‘யகா’ என்னும் மரம் காந்தாரத்திலிருந்தும் கார்மானியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டது என்று உளது. அம்மரம் சிசுவே என்பது அறிஞர் கருத்து. பின்னர், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் ‘எரித்திரியக் கடற் செலவு’ என்னும் நூலை எழுதினான். முசிறித் துறைமுகத்தைப் பற்றிக் கூறும் அதே நூல், இன்றைய பரூச் ஆகிய பாரிகாசாவிலிருந்து பாரசீக வளைகுடாவின் துறைகளுக்குக் கப்பல்களில் மரம் சென்றதையும் கூறுகிறது. அப்பட்டியலில் கருங்காலியும், சிசு இனத்தது என்று கருதப்படும் மரமும் உள்ளன. மிளகும் முத்தும் மட்டுமல்ல, மரமும் நம் நாட்டின் பழைய ஏற்றுமதிப் பொருளே என்பது இதனால் விளங்கும்.

ஐரோப்பியர் வருகையால் இவ்வாணிகம் புதிய வடிவம் பெற்றது. அவர்கள் கட்டையை மட்டும் கேட்கவில்லை. நாற்காலியும் மேசையும் கேட்டார்கள். தரையிலும் பாயிலும் அமர்ந்து பழகிய நாட்டில், உயர்ந்த நாற்காலிக்குத் தேவை குறைவாகவே இருந்தது. எனினும் மாதிரியைக் காட்டியவுடன் நம் தச்சர்கள் அதைச் செய்து முடித்தார்கள். அதன்மேல் தம் கொடிகளையும் பூக்களையும் பறவைகளையும் செதுக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் கோரமண்டலக் கரையில் கருங்காலியால் செய்யப்பட்ட இத்தகைய நாற்காலிகள் இங்கிலாந்துக்குச் சென்றன. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் அவற்றைப் பார்த்து, இவை தம் நாட்டு டியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள்கள் என்று நம்பி, ஸ்டிராபெரி ஹில் என்னும் தம் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். அவரைப் பின்பற்றிப் பிறரும் அவ்வாறே நம்பினர். நம் கரையின் தச்சன் செய்த வேலை, இன்னொரு நாட்டின் பழம்பெருமையாகக் கொண்டாடப்பட்டது! பெயர் பொறிக்காத கைவினைஞனுக்கு நேரும் கதி இது.

அதே நூற்றாண்டில் விசாகப்பட்டினத்தில் ஈட்டி மரவேலை உச்சத்தை அடைந்தது. அங்கே நாற்காலி, எழுதுமேசை, பெட்டி முதலியவற்றில் தந்தத்தைப் பதித்து, தந்தத்தின்மேல் நுண்ணிய கோடுகளைக் கீறி, அக்கோடுகளில் கரிய அரக்கை நிரப்பினார்கள். கரிய மரம், வெண்ணிறத் தந்தம், அதன்மேல் கரிய கோடு என்று மூன்று அடுக்காக அழகு அமைந்தது. அப்பொருள்கள் சில லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பதிப்பு வேலையை இன்றளவும் காத்துவரும் இடம் மைசூர். 1897இல் பழைய மரத்தாலான அரண்மனை தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி எழுந்த புதிய அரண்மனை 1912இல் நிறைவுற்றது. அதன் அம்பா விலாச மண்டபத்தில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவு ஒன்று உண்டு. விநாயகர் சந்நிதிக்குரிய வாயில் அது. மைசூர்ப் பதிப்பு முறை பின்வருமாறு: முதலில் ஓவியத்தைத் தாளில் வரைவர். அதன் ஒவ்வொரு பகுதியையும் அதற்கேற்ற இயற்கை நிறமுள்ள மரத்தில் மெல்லிய வாளால் அறுப்பர். மஞ்சளுக்குப் பலா, வெளிர் நிறத்துக்கு வேறொரு மரம், சிவப்புக்கு இன்னொன்று. பிறகு ஈட்டிப் பலகையில் அதே வடிவத்தைச் சிறிது ஆழத்துக்குக் குடைந்து, துண்டுகளைப் பசையிட்டுப் பொருத்தித் தேய்த்து மெருகேற்றுவர். நெசவில் வண்ண நூல்களால் பூவைக் கொண்டுவருவது போல, இங்கே வண்ண மரங்களால் கொண்டுவருகிறார்கள். இந்நாட்டு யானைத் தந்தத்தின் வாணிகத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும், வெளிநாட்டிலிருந்து வரும் தந்தத்தின் வாணிகத்தை 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுத்தன. தந்தம் நின்றது, கலை நிற்கவில்லை. மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

மாணவர்களே, இதுவரை கைவினையின் பெருமையைச் சொன்னேன். இனி மரத்தின் துன்பத்தையும் சொல்லவேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் மேற்கு மலைத்தொடரின் காடுகள் வேகமாக அழிந்தன. பம்பாய்க் கப்பல் தளம் தேக்கைக் கேட்டது. இருப்புப்பாதை விறகையும் குறுக்குக் கட்டைகளையும் கேட்டது. நம் திருப்பூர் வழியாக மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பாதை 1860களின் தொடக்கத்தில் முடிவுற்றதே. காப்பித் தோட்டங்கள் நிலத்தையே கேட்டன. ஈட்டியை மேசை நாற்காலிக்கு மட்டுமின்றிப் பீரங்கி வண்டிகளுக்கும் பயன்படுத்தினர். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன், 1858இல் ஆனைமலைக்குச் சென்று பார்த்தார். கணக்கின்றி வெட்டுவதைத் தடுக்க அவர் விதிகள் வகுக்க முயன்றார். ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்று நீங்கள் சுற்றுலா செல்லும் இடத்தின் பெயரே அக்காலத்து நினைவுச் சின்னம்: யானைகள் இழுத்துவந்த கட்டைகளை மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் அது.

இந்த இடத்தில் தேக்கின் வரலாறும் ஈட்டியின் வரலாறும் பிரிகின்றன. 1840களிலேயே நிலம்பூரில் மலபார் ஆட்சியர் கானலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் தொடங்கினர். ஆனைமலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ஹியூகோ வுட் என்னும் வன அலுவலர் தேக்கை மீண்டும் தழைக்கச் செய்தார். அவர் கல்லறை டாப்ஸ்லிப்புக்கு அருகே அத்தேக்குக் காட்டினுள்ளேயே உள்ளது. ஆகவே தேக்கு வெட்டவும் பட்டது, நடவும் பட்டது. ஈட்டியோ வெட்டப்பட்டது, தேக்கைப் போலப் பேரளவில் நடப்படவில்லை. காரணம் எளிது. தேக்கே பொறுமையைச் சோதிக்கும் மரம். ஈட்டி அதனினும் மெல்ல வளர்வது. நட்டவனும் அவன் மகனும் பயனைக் காணார். வேரிலிருந்து முளைவிட்டுத் தானே பெருகும் ஆற்றல் ஈட்டிக்கு உண்டு. ஆனால் அதற்கு நிலம் விடப்படவேண்டும், தீயும் ஆடுமாடும் வராமல் இருக்கவேண்டும். கடல் கடந்து சாவகத்தில் இதே ஈட்டியைச் ‘சோனோகெலிங்’ என்னும் பெயரால் நட்டு வளர்க்கிறார்கள் என்பது நாம் சிந்திக்கவேண்டிய செய்தி.

நடுவதற்குப் பதிலாக நம் நாட்டில் தடுத்தார்கள். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகிய நான்கும் அரசர்க்குரிய மரங்கள் எனப்பட்டன. (நம் குளக்கரை அரசமரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்!) யார் நிலத்தில் நின்றாலும் அவை அரசின் உடைமை. மன்னராட்சி போன பின்னும், கேரளத்தில் 1964ஆம் ஆண்டின் நில விதிகள் வழியாக இக்கருத்து தொடர்ந்தது. 2020 அக்டோபரில் அங்கே வெளியான அரசாணை ஒன்றைக் காரணம் காட்டி, வயநாட்டின் முட்டில் பகுதியில் நூறளவு ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றுள் சில, பல நூற்றாண்டு வயதுடையவை. 2021இல் இது பெரும் வழக்காயிற்று. ஒரு தாளில் எழுதிய சில வரிகள், பல நூற்றாண்டுகள் நின்றவற்றைச் சில வாரங்களில் சாய்த்துவிட்டன.

தமிழ்நாட்டிலும் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994ஆம் ஆண்டின் பெயரால் இயற்றப்பட்டு 1995 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டா நிலத்து ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது அது. அதன் ஆயுள் 15 ஆண்டு. 2010இல் மேலும் 15 ஆண்டு நீட்டித்தார்கள். அக்கெடு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது. நூறாண்டு வளரும் மரத்துக்குப் பதினைந்து பதினைந்து ஆண்டாகக் காவல் எழுதுவது போதுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உலக அளவிலும் இதே கவலை எழுந்தது. கிதார் என்னும் நரம்பிசைக் கருவியின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டையே முன்னர் விரும்பினர். அங்கே ஏற்றுமதிக்குத் தடைகள் வந்தபொழுது, 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்க மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறிற்று, பிறரும் மாறினர். பிரேசில் மரம் 1992இல் பன்னாட்டு வாணிகத்திலிருந்தே விலக்கப்பட்டது. 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அதாவது வாணிகம் செய்யலாம். ஆனால் சான்றிதழ் வேண்டும். இசைவாணர்கள் தம் கருவியோடு எல்லை கடக்கவே இடர்ப்பட்டனர். 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வட இந்தியக் கைவினைஞர்களோ, தங்கள் ஷீஷம் ஏராளமாக வளர்வது, அதையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவதால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று முறையிட்டனர். 2022இல் பனாமாவில் கூடிய மாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த ஷீஷம் பொருள்களுக்கு வழி பிறந்தது.

இங்கே இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை நீங்கள் உணரவேண்டும். காவல் இல்லையேல் மரம் இல்லை. மரம் இல்லையேல் உளி பிடிக்கும் கை இல்லை. ஆனால், தன் நிலத்தில் முளைத்த ஈட்டிக் கன்றைத் தானும் தன் பேரனும் என்றுமே தொடமுடியாது என்று உழவன் அஞ்சுவானாயின், அது கன்றாக இருக்கும்பொழுதே அதனைப் பிடுங்கி எறிவான். தடை மட்டுமே காவல் ஆகாது. நட்டவனுக்கு உரிமை, காட்டு மரத்துக்குக் காவல், கைவினைஞனுக்குக் கணக்கோடு மரம் என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும். தேக்கின் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.

மாணவர்கள் என்ன செய்ய இயலும் என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் 1902இல் நிறுவப்பட்ட காஸ் வனவியல் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே அடுக்கப்பட்டுள்ள மரத்துண்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் இழையையும் நிறத்தையும் கண்ணால் பழகுங்கள். உங்கள் பாட்டனார் வீட்டுக் கட்டிலும் பெட்டியும் எந்த மரம் என்று ஊர்த் தச்சரிடம் கேட்டறிந்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். வண்ணம் பூசும் முன் ஒரு சீவல் சீவிப் பாருங்கள். பள்ளித் தோட்டத்தில் இடமிருந்தால் விரைவில் வளர்வதோடு மெல்ல வளர்வதொன்றையும் நடுங்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஈட்டியும் அத்தகையதே. இறந்த ஈட்டியின் விலையை உலகம் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்திருக்கிறது. நிற்கும் ஈட்டியின் விலையைக் கணக்கிடும் பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு வந்திருக்கிறது.